மணியில் வெட்டிய பேர்

நரிக்குடி,
ஐப்பசி 12, 1983

என் மகள் மாரிக்கனிக்கு, உன் அம்மா பேச்சி சொல்லச் சொல்ல உன் தங்கச்சி நாகஜோதி எழுதுகிற கடுதாசி. நானும் உங்க அப்பாவும் இவளும் இங்கே சுகம். ஆடியில் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று உன் கடுதாசி வந்து சொன்ன பிறகுதான் உலை வைத்தேன்.

இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது, கப்பலுக்குப் பேர் கொடுக்கவா, சொந்த ஊர் உங்களை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்டிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன். மண்டபம் கேம்ப்பில் இறங்கி இங்கே வந்து ஐந்து வருஷம் ஆகிறது, இன்னும் எங்களுக்குப் பேர் சிலோன்காரங்கதான். ரேஷன் கடையில் முதல் ஆளாய்ப் போய் நின்றாலும் சிலோன் கார்டு கடைசியில்தான். தேயிலை எங்கே இருக்கிறது இங்கே, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலைதான், கையில் முள் ஏறினால் கொழுந்து கிள்ளுன கை அப்படித்தான் இருக்கும் என்று கூட வேலை செய்கிறவளே சிரிக்கிறாள். நாகஜோதி பள்ளிக்கூடத்தில் ரொட்டியைப் பாண் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள், பாணு பாணு என்று கூப்பிட்டே எட்டாவதோடு இவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறப்பதில்லை.

நீ சடங்கான வருஷம் அப்பா தோட்டத்திலிருந்து இந்த ஊர் அம்மன் கோயிலுக்கு வெண்கல மணி வாங்கி அனுப்பினாரே, பெருமையாக 'சிலோன் வீரபத்திரன் உபயம்' என்று வெட்டச் சொல்லி, அது இன்றைக்கும் கோயிலில்தான் தொங்குகிறது. ஆனால் பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிற குடும்பம்தான் இங்கே ஊர்க்குடும்பம், அந்த வீட்டுப் பிள்ளைதான் முளைப்பாரி எடுக்கலாம். ஐந்து வருஷமும் அப்பா வரியைக் கொண்டுபோனார், ஐந்து வருஷமும் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியது வேற்றாள் இல்லை, ஊர் வரி வாங்குகிற அப்பாவின் சொந்தச் சித்தப்பா மகன் சங்கையாதான். இந்த வருஷம் அப்பா திரும்பி வந்ததும் நானே போனேன். மணி வேணும், மணி கொடுத்தவுக வேணாமா என்று கேட்டேன். மணியில சிலோன்னு நாங்களா வெட்டுனோம் என்றார். நான் நகரவில்லை. அப்புறம்தான் உள்ளது வந்தது. “ஒங்ககிட்ட வரி வாங்குனா பங்காளின்னு ஆயிரும் மதினி. நாளைக்கு எங்கய்யா புஞ்சையில பங்கு கேட்டு நிப்பீக.” கம்புகூட ஒழுங்காய்க் கதிர் பிடிக்காத ரெண்டு ஏக்கர், அதுக்காக. அந்த வாரம் நாகஜோதி வீட்டு மூலையில் இருட்டில் வைத்து வளர்த்த முளைப்பாரி ஊரிலேயே உயரம், வரிசையில் சேர்க்கவில்லை. வந்த ஆத்திரத்தில் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன். உங்க அப்பா மணிச் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கையை நிறுத்திவிடுகிறார், சத்தம் அடங்கிய பிறகுதான் அடுத்த வாய்.

பேர் கொடு, வந்துவிடு. இங்கே யாரும் வீட்டுக்குத் தீ வைக்க மாட்டார்கள், யாரும் வீட்டுக்குள்ளே வா என்று கூப்பிடவும் மாட்டார்கள். சொந்த ஊருக்குப் போகிறோம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதே. உன்னிடம் நாங்கள் தெரியாமல் சொன்ன பொய் அது. கம்பளியை எல்லாம் விற்றுவிடு, இங்கே ஆகாது. பாத்திரங்களில் பேர் வெட்டினால் பேரை மட்டும் வெட்டு, ஊரை வெட்டாதே. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நீயும் ஒரு குறையும் இல்லாமல் கரை சேர அம்மன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பேச்சி (கைநாட்டு)

அக்கா, அம்மா கைநாட்டு வைத்துவிட்டுத் தண்ணிக்குப் போயிருக்கிறது. இது நானாக எழுதுவது. முளைப்பாரிக்கு விதை எடுத்து வைத்திருக்கிறேன், உன் மூத்தவளுக்கும் ஒரு சட்டி போடுவேன். பங்குனிக்கு முன்னால் வந்துவிடு. சங்கையா சித்தப்பா முன்னால் தனியாக நிற்க எனக்குப் பயம். நீ பக்கத்தில் நின்றால் போதும், நான் பேசிவிடுவேன்.