மிச்சக் கம்பி

1964 மார்ச் 3, செவ்வாய்

மோட்டாரை ஓட்டி நிறுத்தும் புதுமாடல் பெட்டி இன்றும் ஒன்று போச்சு. ஓடும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. நிறுத்தின நிமிஷம் உள்ளே ட்ரான்சிஸ்டர் செத்துப்போகிறது. இது நாலாவது. பெட்டிக்குக் கம்பி கட்டுவது நான், ஈயம் பற்றவைப்பது ஜானகி. சும்மா இராமல், "ஜானகி ஈயம் வெச்சா சளி ஒழுகின மாதிரி இருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் முனிராஜ் சிரிக்கவில்லை.

மார்ச் 5

முனிராஜ் ஜானகியிடம் சொன்னது: "வள்ளியம்மாவே சொல்லிட்டா, உன் ஈயம்தான் கோளாறு. சனிக்கிழமையோட நின்னுக்கோ, அஷ்டே." அவர் கன்னடத்தில் அஷ்டே என்றால் அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

டெம்பரரி ஆள், கேட்க நாதியில்லை. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். ஐயோ, நான் விளையாட்டுக்குச் சொன்னதுடீ!

மார்ச் 6

மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரையும் ஸ்கோப்பில் எஞ்சினியர் கஸ்தூரிரங்கன் காட்டினார். மோட்டாரை நிறுத்தினதும் பச்சைக் கோடு சரேலென்று கீழே குத்துகிறது. "நிறுத்தினாலும் மோட்டார் கரண்டை உடனே விடாதும்மா. அது சுத்திப் போக டயோடு வெச்சிருக்கேன். அப்புறமும் ஏன் குத்துது?"

"என் வாய் மாதிரி சார், நிறுத்தினாலும் நிக்காது" என்றேன்.

ஒரே ஒரு பெட்டி மட்டும் குத்தவில்லை. திறந்து பார்த்தேன். நான் லீவில் இருந்த அன்று ஜானகியே கட்டினது. கம்பியை ஒட்ட வெட்டியிருந்தாள். மற்றதில் எல்லாம் ட்ரான்சிஸ்டருக்கும் டயோடுக்கும் நடுவே இரண்டு முழம் மிச்சக் கம்பி — பின்னால் ரிப்பேருக்கு ஆகட்டும் என்று நான் விட்டது. வளையமாகச் சுற்றி, மெழுகு நூலால் முடிச்சுப் போட்டு. எட்டு வருஷமாக எல்லோரும் மெச்சின வேலை.

மோட்டாருக்குள்ளேயும் கம்பிச் சுற்றுதானே? அப்போ நானும் கரண்டை விடாத ஒரு குட்டி மோட்டாரை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறேனா?

பஸ் ஏறாமல் தொம்மலூர் வீடு வரை நடந்தே வந்தேன். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் — நாளைக்குச் சனி.

மார்ச் 7

சொல்லிவிட்டேன். கஸ்தூரிரங்கன் வளையத்தை வெட்டி, டயோடை ட்ரான்சிஸ்டருக்குப் பக்கத்திலேயே வைத்தார். இருபது தடவை நிறுத்தினோம். கோடு லேசாகத்தான் தாழ்ந்தது. ட்ரான்சிஸ்டர் பிழைத்தது. "இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும்" என்றார். ஜானகியை நிற்கச் சொன்னதை முனிராஜ் வாபஸ் வாங்கினார்.

மார்ச் 16, திங்கள்

கம்பி கட்டுவதும் இப்போது ஜானகிதான். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டியைச் சணல் கயிற்றால், வழக்கம்போல் நுனியை நீளமாக விட்டு, கட்டிக்கொண்டிருந்தேன். பத்து நாளாக என்னோடு பேசாதவள் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்: "அக்கா, சணலையாவது ஒட்ட வெட்டுங்க! லாரி வெடிச்சிடப் போகுது!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.