எட்டு வீதக்காரர் வென்ற கதை

ரொறன்ரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம், சித்தப்பா வீட்டு பிரிட்ஜ்தான் மெலிஞ்சு போச்சுது. உங்கட கால்வீக்கம் எப்பிடி?

நேற்று நானும் வகுப்புத் துவாரகனும் இணையத்தில, ஆர் வெல்லுவினமெண்டு காசு கட்டுற பந்தயச் சந்தை ஒண்டைப் பார்த்துக்கொண்டிருந்தம். அமெரிக்க மாநிலம் ஒண்டின்ர ஆளுநர் தேர்தலில ஒருத்தர் வெல்ல நூற்றுக்கு எட்டு வீதம்தான் வாய்ப்பெண்டு சந்தை சொன்னது. கடைசியில அவரே வெண்டிட்டார்! நான் துள்ளினன்.

"அவர் என்ன உன்ர மாமனோ?" எண்டான் துவாரகன்.

அவனுக்குக் காரணம் சொல்லேல்லை. நீங்கள் இஞ்ச வாற விசாவுக்கும் எட்டு வீதம்தான் எண்டு லோயர் சித்தப்பாவுக்குச் சொன்னதை ஒட்டுக்கேட்டிட்டன்.

அந்த மாநிலத்துக்கு ஆள ஆள் கிடைச்சிட்டுது. எனக்குத்தான் ஏச ஆளில்லை.

நீங்கள் வீட்டில உடுக்கிற பழைய சோட்டி ஒண்டைத் தோய்க்காமல் அனுப்பிவிடுங்கோ. என்ர தலையணைக்கு உறை இல்லை.

பஸ் வந்திட்டுது.

உங்கட குழப்படிப் பிள்ளை,
ஆரணன்