பீரோவுக்குள் ரூட்டர்

ஜூன் 27, வெள்ளி
காலையிலிருந்து சாரல். கொடித் துணி இன்னும் காயவில்லை.
வேலை நடுவில் மறுபடியும் நெட் கட். கஸ்டமர் பாவம், ஹலோ ஹலோ என்று கத்தியிருப்பாள். டீம் லீடர் சொன்னது: திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங். அதுவும் கட்டானால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, சென்னை ஆபீசுக்கு வரணும். இல்லையென்றால் விட்டுவிடணும். பாப்பாவை இப்போதுதான் இங்கே எல்.கே.ஜி. சேர்த்திருக்கோம்! எப்படிப் போக?
என் ரூமில் நெட் ஸ்பீடு 3 எம்பிபிஎஸ். பிளான் நூறு. நெட்காரருக்கு போன். "லைன் கிளியரா இருக்கு மேடம், ரூட்டர்தான் பழசு."

ஜூன் 28, சனி
பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை. டூயல் பேண்டா, சுவர் தாண்டுமா என்று கேட்டதெல்லாம் நான். கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்து. "அண்ணாச்சி, அதுல ரெண்டு கொம்பு. இதுல நாலு. பாத்துக்கிடுங்க."
இவர் மாடு பிடிக்க வந்தவர் மாதிரி கொம்பை எண்ணிவிட்டு, "நாலே குடுங்க." எரிச்சல். டூயல் பேண்டாக இருந்தது என் அதிர்ஷ்டம்.
நான் ஷிப்ட்டில். மாட்டியது இவரும் மாமாவும்.
இப்போது ரூமில் 4. கொம்புக்கு ஒன்று போல.

ஜூன் 29, ஞாயிறு
வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மாமா ரூம். இரும்பு பீரோவின் கதவிடுக்கில் நுழைகிறது வயர். உள்ளே பட்டுச்சேலை நடுவில், அந்துருண்டை வாசத்தோடு, துண்டு போர்த்திய புது ரூட்டர்!
மாமா: "சாரக் காத்துல போன வருசம் டிவி போச்சுல்லா. அதான், பழசையும் சாரல் ஆரம்பிச்சதும் உள்ள வச்சேன்."
இரும்புக்குள் வைத்தால் சிக்னல் எப்படி வரும்? கத்திவிட்டேன். இவருக்கும் தெரியுமாம். "அப்பா சொன்னாவ, வச்சேன்."
ஹாலில் ஆணி அடித்து நானே மாட்டினேன். ரூமில் 86.
மத்தியானம் இவர் அக்கா (எனக்கு மதினி) மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்தாச்சு. சீசன் குளியல். வந்து உட்கார்ந்ததுமே எல்லார் போனிலும் வீடியோ. நான் பாஸ்வேர்டு சொல்லவே இல்லையே? இவர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். "குற்றாலத்துல தண்ணி நல்லா விழுது, வாங்க." அதன் கீழேயே பாஸ்வேர்டு.
ரூமில் 9. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்
அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லையாம். எல்லாரும் வீட்டில்.
மதினி: "ஏட்டி, நெட்டு எடுக்கல. புது பாஸ்வேர்டைச் சொல்லு."
மீட்டிங் முடியும்வரை முடியாது என்றேன்.
"வெந்நி கேட்டா குடுக்கா, சோறு கேட்டா குடுக்கா, இதுக்கு மட்டும் இல்லங்கா!"
இவர் அடுக்களைக்குள் கூப்பிட்டு, "வந்தவங்ககிட்ட இல்லன்னு சொல்ல ஒனக்கு நாக்கு கூசலயா?"
"இல்ல."
கதவைச் சாத்தி மீட்டிங். ஒரு தடவைகூட கட் ஆகவில்லை. வீட்டிலிருந்தே தொடரலாமாம்.
வெளியே வந்தால் ஒரு முகமும் என் பக்கம் திரும்பவில்லை. வேலை தப்பித்ததா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. போகட்டும்.
பால் காய்ச்சும்போது இவர் பின்னால் வந்து நின்று, மெதுவாக, "எனக்கு மட்டுமாவது பாஸ்வேர்டைச் சொல்லேன்."
சொல்லவில்லை.