சிட்டம்மாள் வைத்த சும்மாடு

உத்திரமேரூர்
ஐப்பசி, 1978

என் சிட்டம்மாவுக்கு,

நேற்று பதில் சொல்லாமல் ஓடிவந்ததற்குக் கோபிக்காதே.

உன்னைப் பார்க்கச் செய்யாற்று வெள்ளத்தில் டாக்டரைக் காரோடு தலையில் தூக்கி வந்ததைச் சொன்னபோது எப்படிச் சிரித்தாய்! அந்த டாக்டர் போகும்போது என்னிடம், "இனிமே ஊசி வேணாம்மா. பக்கத்துல இரு, போதும்" என்றார். நீ தூங்குகிறாய் என்றுதான் நினைத்தேன்.

கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கினேன். கவிழ்ந்த பஸ்ஸை ஒற்றை ஆளாக நிமிர்த்தினேன். உன் ரத்தத்துக்குள் இருப்பதை எங்கே பிடித்துத் தூக்குவேன்?

அப்போது நீ எழுந்து உட்கார்ந்தாய். நெல்கட்டு ஏற்றும்முன் செய்வாயே, அதேபோலப் பழைய சேலையைச் சுருட்டி என் தலையில் சும்மாடு வைத்தாய்.

"எனக்கு எதுக்குடி இது? எதுவும் கனக்காதே" என்றேன்.

"நான் கனப்பேன்டி. பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாதாம். நீ வா. நாலு பேர் வாணாம், நீ ஒருத்தியே என்னைத் தூக்கினு போ."

ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். தூக்குகிறேன். சும்மாடு பிரியாமல் பரண்மேல் இருக்கிறது.

ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை, சிட்டம்மா. தை அறுப்பு முடியட்டும்.

உன்னோடு கட்டு சுமந்தவள்