ஜெயராணிக்கு வெறும் தூக்கு

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.
24.7.2011

அன்பு மகன் இளவரசுக்கு அம்மா எழுதுவது. பாடலீஸ்வரர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். உடம்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றி எழுதவில்லை. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீயும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தபாலில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஒரு விஷயம் தெரிந்தது, அதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை, குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. அப்பா இந்த வீடு வேண்டாம், நம் ஊர் குறிஞ்சிப்பாடிக்கே போய்த் தனியாக இருந்துகொள்கிறேன் என்று பையை எடுத்து வைத்துவிட்டார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன், அங்கே ராத்திரியில் ஏதாவது ஒன்று என்றால் ஆட்டோகூடக் கிடைக்காது.

முதலிலிருந்து சொல்கிறேன். ஊரில் நம் கொல்லையில் விளைந்த முந்திரிக்கொட்டையை மூட்டையாகக் கொண்டுவந்து அப்பா மொட்டை மாடியில் சட்டி வைத்துச் சுடுவது உனக்குத் தெரியும், அந்தப் பருப்புதான் உன் வீட்டு டப்பாவிலும் இருக்கிறது. கொட்டையிலிருந்து எண்ணெய் கசிந்து எரியும்போது கருகருவென்று புகை வரும். புகை ஆகாது, மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், நீ வாராவாரம் சொன்னாய், உன் தங்கை காயத்ரி சிதம்பரத்திலிருந்து வந்து அழுதுவிட்டே போனாள், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார். நானும் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன்.

போன மாதம் நம் அடுக்குமாடிச் சங்கக் கூட்டம் வழக்கம்போலக் கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு நடந்தது. யாராவது விதியை மீறினால் பார்த்தவர்கள் செயலாளரிடம் சொல்லலாம், சொன்னவர் பெயர் வெளியே வராது என்று இந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு தீர்மானம் போட்டார்களே, அதற்கு முதலில் கை தூக்கியது உன் அப்பாதான். அன்றைக்குச் செயலாளர் மணவாளன் எழுந்து, இரண்டாவது மாடி மேற்கு வீட்டுக்காரர் பொது மொட்டை மாடியில் நெருப்பு மூட்டுகிறார் என்று புகார் வந்திருக்கிறது, இனிமேல் மாடிக் கதவைப் பூட்டி வைப்போம் என்று வாசித்தார். உன் அப்பா எழுந்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை, அவராகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் யாரிடமும் ஒரு சொல் வாங்காத மனுஷன். அன்றிலிருந்து வாக்கிங் இல்லை, பேப்பர் இல்லை, டீக்கடை இல்லை, பால்கனிக் கதவைக்கூடத் திறப்பதில்லை.

இது யார் வேலை என்று நான் யோசிக்கவே இல்லை, மேல் வீட்டு ஜெயராணிதான் என்று முடிவே கட்டிவிட்டேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே அவள் வீடு, அவள் பெண் சுவேதாவுக்கு வீசிங், முன்பு ஒருநாள் "பெரிம்மா, இன்னிக்குப் புகை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு இல்ல" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் சுவேதாவுக்குச் சர்ச்சில் முதல்முறையாக அப்பம் கொடுக்கிற புதுநன்மை என்று தூக்கு நிறையப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தாள். நம் பக்கத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். நான் அந்தத் தூக்கைக் கழுவித் துடைத்து வெறுமையாகக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மூடியை அழுத்தி மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நல்லா வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படி இறங்கினேன். அதற்குப் பிறகு படியில் எதிரே வந்தால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு போவேன்.

வெள்ளிக்கிழமை வடகம் காயப்போட மாடிச் சாவி கேட்டு மணவாளன் வீட்டுக்குப் போனேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, அந்த ஜெயராணிக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம் என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் நெளிந்தார், பேரைச் சொல்லக்கூடாது என்றார், கடைசியில் பொறுக்க முடியாமல், "அந்தப் பொண்ண ஏம்மா திட்றீங்க, பாவம். போன் பண்ணது உங்க புள்ளதாம்மா. வீட்டு ஓனர்ங்கிற முறையில நானே கம்ப்ளைன்ட் குடுக்கறேன், கதவப் பூட்டுங்கன்னு மஸ்கட்லேர்ந்து சொன்னாரு, நான் என்ன செய்யட்டும்" என்றார். அவர் வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது தெரிகிறது, குடித்தேனா என்று தெரியவில்லை. நீயா இளவரசு? பெற்ற அப்பாவைப் பற்றி நீயா செயலாளரிடம் புகார் சொன்னாய்? இதை எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

நல்லதுக்குத்தான் செய்தாய், எனக்குப் புரியாமல் இல்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள் என்று நீ நினைத்திருக்கவும் மாட்டாய். ஆனால் செய்த பிறகும் வாராவாரம் போனில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அப்பாவிடம் மறைக்கத் தெரியாமல் அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. "அவன் வீடு, அவன் சொல்றான். குடியிருக்கிறவன் கேட்டுக்கணும்" என்றார். எழுந்து போய்ப் பையை எடுத்தார். ஆடி மாதத்தில் வீடு மாறக்கூடாது என்று சொல்லித்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன், என் பேச்சுக்காக அவர் நிற்கவில்லை, ஆடிக்காக நிற்கிறார்.

நேற்று ஜெயராணி வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் ஒன்றுமே நடக்காததுபோல "வாங்க பெரிம்மா" என்றாள், எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் மெதுவாக, "புகை வந்தது நெசந்தான் பெரிம்மா. பெரிப்பா சட்டிய எடுத்துக்கிட்டு ஏறினா சுவேதாவ எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன். வயசானவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதான், அதப் போயி என்னான்னு சொல்றது" என்றாள். ஒரு குழந்தை மூச்சு முட்டி வீட்டை விட்டுப் போய் வந்திருக்கிறது, கீழே நாங்கள் பருப்பை எண்ணெயில் வறுத்துத் தின்றுகொண்டிருந்தோம். வந்து அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு ஆவாதுன்னுதான எல்லாரும் சொன்னீங்க, அந்தப் புள்ளைக்கு ஆவாதுன்னு யாரும் சொல்லலியே" என்றார். இன்றைக்குக் காலையில் சட்டியைக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, அப்படியே மேலே ஏறி ஜெயராணி வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு வந்தார். ஆகப் புகை முடிந்தது. பை மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், வெறுந்தரையில் விடாதீர்கள். நீ வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, மருமகளை வேலைக்குப் போகிற அவசரத்தில் பட்டினி கிடக்க விடாதே. ஜெயராணிக்கும் ஒரு போன் போட்டுப் பேசு, உன்னால் அவள் ஒரு மாதம் என் மூஞ்சியைச் சகித்திருக்கிறாள். நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்கப் பாடலீஸ்வரர் துணையிருப்பார்.

ஆவணி பிறந்தால் அப்பா பஸ் ஏறிவிடுவார், அதற்குள் பேசு. மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம், கேட்டால் அவருக்கு இன்னும் கூச்சமாகப் போகும். உடம்பைப் பற்றிக் கேட்காதே, வீட்டைப் பற்றிப் பேசவே பேசாதே. போனை நான் எடுக்காமல் அவரையே எடுக்க வைக்கிறேன், அவர் எடுத்ததும் முதலில் அப்பா என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. ரத்தினம்மாள்