மச்சினன் காய்ச்சாத முந்திரி எண்ணெய்

மே 14, புதன்
காலையிலேயே கத்திரி வெயில். திருவரங்குளத்திலிருந்து முந்திரித் தோல் ஒரு லோடு. பாதி ஈரம். இறக்கிக்கொண்டேன், சீசன் முடியப் போகிறது.
வாங்க: டீசல், சாக்கு நூல், சரசுவுக்கு மூட்டுத் தைலம்.
மதியம் ஓசூர் கம்பெனி மேனேஜர் போன். நம் மில்லில் பிழியும் தோல் எண்ணெயிலிருந்து கார்டனால் என்கிற திரவத்தைப் பிரித்து, லாரி பிரேக்குக்கும் பெயிண்டுக்கும் பிசின் செய்கிறவர்கள். எண்ணெயைச் சூடாக்கியதும் நுரைத்துப் பொங்கி, பக்கத்தில் நின்ற ஆளுக்குக் கை வெந்துவிட்டதாம். "தண்ணி கலந்திருக்கீங்க" என்றார். இனிமேல் சரக்கே வேண்டாமாம்.
கலந்தேனாம்! சைக்கிளில் தோல் வாங்கி விற்ற காலத்திலேயே கல், மண் சேர்த்தவனில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வைத்துவிட்டார். பெரிய வாடிக்கை என்று இருப்பதே அவர்கள்தான்.

மே 15
கோபம் அடங்கவில்லை. ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கலப்படக்காரன் என்பதற்கு என்ன துணிச்சல்.
மில்லுக்குப் போய், அதே சரக்கில் மிச்சமிருந்த ட்ரம்மில் ஒரு கரண்டி எடுத்து அடுப்பில் வைத்தேன். தண்ணீர் இருந்தால் சடசடவென்று தெறிக்கும். தெறிக்கவில்லை. வெறும் நுரை. புரிந்துவிட்டது, காய்ச்சாத பச்சை எண்ணெய். பொங்கி அடங்கும்வரை இங்கேயே காய்ச்சினால்தான் அதிலுள்ள அமிலம், கரியமில வாயுவை வெளியே விட்டுக் கார்டனாலாக மாறும். இங்கே பொங்க வேண்டியது அங்கே பொங்கியிருக்கிறது.
காய்ச்சுவது செல்வம் பொறுப்பு. சரசுவின் தம்பி, என் மச்சினன். கேட்டேன்.
"வெறகு ஈரம் மச்சான். சூடு காட்டித்தான் எறக்குனேன். அவங்க எப்படியும் காய்ச்சுவாங்கள்ல?"
ஒரு மனுஷனுக்குக் கை வெந்திருக்கிறது. இவன் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்கிற மாதிரி சொல்கிறான்.
வீட்டில் சரசு: "அவன ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயி நாலு பேரு முன்னாடி நிக்க வச்சுராதீங்க."

மே 16
மேனேஜருக்கு நானே போன். காய்ச்சாமல் வந்த எண்ணெய், தப்பு எங்களுடையது, ட்ரம்மைத் திருப்பி எடுக்கிறேன், ஆஸ்பத்திரிச் செலவும் என் பொறுப்பு என்றேன். கலந்தேன் என்றதை மட்டும் வாபஸ் வாங்கச் சொன்னேன்.
"சரிங்க, கலக்கல. கட்டுப் போட்டுப் படுத்திருக்காரு, அவருகிட்ட வந்து சொல்லுங்க."
சுருக்கென்றது. அடுத்த சரக்கு பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
லாரியில் செல்வத்தையே ஏற்றிவிட்டேன். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் ட்ரம். சரசு வாசலுக்கு வரவில்லை.
திருச்சி தாண்டி போன் பண்ணுகிறான். அந்த ஆளிடம் என்ன சொல்வதாம்.
"எங்கிட்டக் கேக்காத. அவரு கையப் பாத்தா ஒனக்கே வரும்."
வைத்துவிட்டேன்.