இரண்டாவது லைனுக்குக் காட்டிய பச்சை

பிப்ரவரி 6

மூன்றாவது லைன் பாயிண்ட்ஸ்மேன் அம்மாவுக்கு,

வணக்கம். நலம்தானே? மகளுக்குப் பரீட்சை முடிந்ததா? நான் மாற்றலாகி இங்கே வந்து ஐந்து வாரமாகிறது. அறை ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு ஜன்னல், ஒரு இரும்புக் கட்டில், பக்கத்து வீட்டு ரேடியோ. ரேடியோவுக்கு வாடகை கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

யார்டுக்குள் வேகன்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு மெயின் லைன் வண்டி கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். ஆனால் ஓட்டும்போது எதிரே மனிதர்களே இல்லை. சிக்னல் விளக்குக் கம்பங்கள்தான். கம்பம் தலையைச் சொறிவதில்லை. கம்பத்துக்குத் தும்மல் வருவதில்லை. நீங்கள் ஒருமுறை கொடியைத் தூக்கிக்கொண்டே தும்மினீர்கள், நினைவிருக்கிறதா? கொடி ஆடியது சைகையா, தும்மலா என்று புரியாமல் நான் வண்டியை நகர்த்தாமல் நின்றேன். யார்டு மாஸ்டர் ஓடி வந்து, "ஏன்யா, அந்தம்மாவுக்கு சளி பிடிச்சா யார்டையே இழுத்து மூடிடணுமா?" என்று கத்தினார். மழை பெய்த காலை. நீங்கள் சிரித்ததில் கையிலிருந்த டீ பாதி கொட்டிவிட்டது.

ஏழு வருடத்தில் நாம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு நாள் தேறாது. மற்றதெல்லாம் நீங்கள் தண்டவாளத்தைத் திருப்பிவிட்டுக் காட்டும் கொடியும், நான் கொடுக்கும் விசிலும்தான். இங்கே வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரிகிறது.

இந்த ஊரிலும் ஒரு யார்டு இருக்கிறது. பாயிண்ட்ஸ்மேன் இடம் இரண்டு காலி. நீங்கள் மாற்றல் கேட்டு வரலாம். வந்தால் தனியாக வீடு பார்க்க வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறேன். என் மனைவி போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. கல்யாணம் என்ற வார்த்தையை நான்கு தடவை எழுதி அடித்தேன். ஐந்தாவது தடவை அடிக்கவில்லை.

பதிலுக்கு அவசரமில்லை. ஆனால் தபால்காரர் தெருவுக்குள் வந்தால் எனக்குச் சைக்கிள் மணியிலேயே தெரிந்துவிடுகிறது.

அன்புடன்,
உங்கள் பழைய ஷன்டிங் டிரைவர்

*

பிப்ரவரி 19

டிரைவர் சாருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை உணவு டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனேன். ஊறுகாய் எண்ணெய் பட்டு ஓரம் மஞ்சளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யார்டு அப்படியேதான் இருக்கிறது. உங்கள் இடத்துக்கு ஒரு சின்ன வயது டிரைவர் வந்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் "ஓகே மேடம்". யார்டு மாஸ்டர் அவருக்கு "ஓகே" என்றே பெயர் வைத்துவிட்டார். கொடி அசைந்தால் போதும், கிளம்பிவிடுவார்.

நீங்கள் அப்படியில்லை. நான் வேகன்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து, முழுசாகக் கண்ணில் பட்டு, கொடி காட்டிய பிறகும் தலையை நீட்டி, "மூணுதானே? மூணாவது லைனுக்குத்தானே காட்டுறீங்க?" என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தடவையும். "வேற யாருக்கு சார் காட்டப்போறேன்?" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். என்னோடு பேச ஒரு சாக்கு என்று ஓய்வு அறையில் கேலி செய்வார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. இதை இப்போது எழுதுவதில் வெட்கமில்லை.

மகளிடம் சொன்னேன். "போம்மா. நான் ஹாஸ்டல்ல இருந்துக்கறேன். டிரைவர் அங்கிள் உன்னை மாதிரி தொணதொணன்னு பேச மாட்டார்ல, அது போதும்" என்றாள். கொழுப்பு.

ஆகவே வருகிறேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததே தவறு.

என் கணவர் இறந்த அன்று அந்த என்ஜினில் இருந்தது நீங்கள்தான் என்று வேலைக்கு வந்த முதல் நாளே எனக்குத் தெரியும். அவருடைய வேலையை எனக்குக் கொடுத்தபோது விசாரணை அறிக்கையின் நகலையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். மூன்றாவது லைன் பாயிண்ட்ஸ்மேன் வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டிவிட்டு, தானே கவனமில்லாமல் வேகன்களை இணைக்கும் கொக்கியைச் சரிசெய்ய நடுவில் நுழைந்தார் என்று அதில் இருந்தது. பட்டம் படித்தவள் நான், ஒவ்வொரு வரியையும் பத்து தடவை படித்தேன். முதலில் அவரை நினைத்து அழுகை வந்தது. பிறகு அவர் மீது கோபம் வந்தது. அவர் செய்த தவறுக்கு நீங்கள் அல்லவா அந்தக் காட்சியைச் சுமக்கிறீர்கள்! மகளிடமும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். தெருவைக் கடக்கும்போதெல்லாம், "அப்பா மாதிரி அஜாக்கிரதையா இருக்காதே" என்பேன்.

அவர் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைச் சொல்லிவிட்டு வந்தால்தான் உங்கள் வீட்டில் என்னால் நிமிர்ந்து இருக்க முடியும்.

அன்புடன்,
மூன்றாவது லைன்

*

மார்ச் 3

அம்மா,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் பக்கம் படித்த பிறகு உட்காரவும் முடியவில்லை.

நீங்கள் மன்னிப்புக் கேட்கக் கூடாது. அவர் தவறே செய்யவில்லை.

அன்று அவர் எனக்குச் சிவப்புதான் காட்டினார். நான் நிறுத்தி, பார்த்தேன் என்பதற்கு விசில் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவர் வேகன்களுக்கு நடுவில் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சைக் கொடியைப் பார்த்தேன். நகர்த்தினேன். அது இரண்டாவது லைன் பாயிண்ட்ஸ்மேன் தன் லைன் வண்டிக்குக் காட்டிய பச்சை. வளைவில் நின்று பார்த்தால் இரண்டு லைனும் ஒரே இடம் போலத் தெரியும். நான் வண்டியை நகர்த்திய அதே நேரத்தில் பக்கத்து லைன் வண்டியும் கிளம்பியது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

விசாரணையில் "பச்சையைப் பார்த்தீரா?" என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். யார் காட்டியது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டாவது லைன்காரரை யாரும் கூப்பிடவே இல்லை. மறு வருடம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எனக்கு வேலை போய்விடும், சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அவ்வளவுதான். அதற்கு அழகான பெயர் எதுவும் கிடையாது.

பிறகு அவருடைய இடத்தில் நீங்கள் கொடியோடு வந்து நின்றீர்கள்.

சொல்லாமலே உங்களைக் கூட்டி வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதையும் ஒளிக்கவில்லை.

டிரைவர்

*

ஏப்ரல் 11

டிரைவர் சாருக்கு,

கோபமாக நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதில் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். எழுதும்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

"மூணுதானே?" என்று நீங்கள் ஏழு வருடம் கேட்டது என்னிடம் இல்லை என்று இப்போது தெரிகிறது. வேலையில் நல்ல நாட்கள் என்று நான் எண்ணிவைத்திருந்தவை எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. அந்த மழைக்காலை உட்பட.

ஏழு வருடமாக என் கணவரை நானே குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். அவருடைய புகைப்படத்தைக் கூட, கண்ணில் படாத இடமாகப் பார்த்து, அலமாரிக் கதவுக்கு உள்பக்கம்தான் மாட்டியிருக்கிறேன். அஜாக்கிரதை, அஜாக்கிரதை என்று ஒரு குழந்தையிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீங்கள் சொல்லாமல் விட்டது ஒரு வரி. அதனால் வந்த பொய்யை நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு காரியம் செய்யுங்கள். எனக்கு எழுதியதை அப்படியே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். அறிக்கையில் "கவனமில்லாமல்" என்ற அந்த வார்த்தை இருக்கக் கூடாது.

இரண்டாவது, அவரைக் கடைசியாகப் பார்த்தது நீங்கள்தான். கேட்க இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் எப்படி நின்றார், என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள். எதையும் கூட்டாமல், குறைக்காமல்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

பாயிண்ட்ஸ்மேன்

*

ஏப்ரல் 28

அம்மா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் இதைப் போய்க் கிளறிக்கிட்டு? இன்னும் ஏழெட்டு வருஷ சர்வீஸ் இருக்கு. கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க, நான் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கறேன்" என்றார். நல்ல மனிதர். முத்திரை போட்டுத் தரும் வரை அங்கேயே நின்றேன். நகல் இதனுடன் இருக்கிறது. மறுநாளே என்ஜினிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது ஸ்டோரில் போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கிறேன். மறுவிசாரணை அடுத்த மாதம்.

நீங்கள் கேட்டது.

காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். அவர் லீவரை இழுத்து, லைன் பிரியும் பாயிண்டைத் திருப்பிவிட்டு, குனிந்து, தகடு தண்டவாளத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வேகன்களிடம் வந்தார். ஒரு நாய் லைனில் படுத்திருந்தது. "எழுந்திரு மகாராஜா, ஆபீஸ் டைம்" என்று அவர் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது. அது எழவில்லை. காலால் தள்ளாமல், பக்கத்தில் கையைத் தட்டி எழுப்பினார். எனக்குச் சிவப்பைக் காட்டினார். நான் விசில் கொடுக்கும் வரை கையை இறக்கவில்லை. விசில் கேட்டதும் தலையை அசைத்தார். கொடியைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

அவசரப்படவில்லை. விதிப் புத்தகத்தில் இருப்பதில் ஒன்றையும் விடவில்லை. பிறகு அவரிடமிருந்து எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. இது உண்மை. உங்களுக்காகச் சொல்லவில்லை.

டிரைவர்

*

ஜூன் 14

டிரைவர் சாருக்கு,

திருத்திய அறிக்கை நேற்று வந்தது. "பணியாளர் மீது தவறில்லை." நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். யார்டு மாஸ்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அவன் அப்படிச் செய்ற ஆளு இல்லைன்னு எனக்கு அப்பவே தோணிச்சும்மா. சொல்லியிருக்கணும்" என்றார். இந்த "சொல்லியிருக்கணும்" எத்தனை பேரிடம் இருக்கிறதோ.

உங்களை வேலையை விட்டு நீக்கவில்லை, ஸ்டோரிலேயே வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மகளுக்கு நடந்ததைச் சொல்லி, உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாய் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அப்பா அப்படித்தான் பேசுவார்மா. எனக்குக்கூட மகாராணின்னு பேர் வச்சிருந்தார். நான் இதைச் சுத்தமா மறந்துட்டேன்" என்றாள். தரையில் உட்கார்ந்து நிறைய நேரம் அழுதாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்கும்தான் தெரியாதே" என்று என்னை விட்டுவிட்டாள். நான் என்னை இன்னும் விடவில்லை.

பிறகு அவள் கேட்டாள்: "அப்போ டிரைவர் அங்கிள் நல்லவரா, இல்லையாம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. மறுநாளும் லீவரை இழுக்கும்போதும், திரும்பி வரும்போதும் அதையே யோசித்தேன். மூன்றாம் நாள் காலை, அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, "நல்லவர்தான்" என்றேன். அவள் நிமிராமலே கேட்டாள்: "இதைச் சொல்ல ரெண்டு நாளாம்மா?"

ஆமாம், இரண்டு நாள். உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால், நீங்கள் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போதும், உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போதும், ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த இரண்டு நாள் தேவைப்படும். நீங்கள் அதைக் காத்திருந்து பார்ப்பீர்கள். அது உங்களுக்கும் வேண்டாம்.

அதனால் நான் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன் என்றுதான் முடிக்கிறேன். வேறு வார்த்தை போட்டால் அது பொய்யாகிவிடும்.

அன்புடன்,
மூன்றாவது லைன் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி